இன்ஜின் ஆயிலில் ஈரம்: எங்கிருந்து வருகிறது, எப்போது அஞ்ச வேண்டும்?

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் கார் வைத்திருப்பவர்களில் சிலருக்குத்தான் உண்டு. அவர்களிலும் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குடியிருப்பவர்கள், மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் வண்டியை வெளியே எடுப்பவர்கள் ஆகியோர் ஒருநாள் திடுக்கிடுவார்கள். மூடியின் உட்புறத்தில் வெளிர் மஞ்சள் நிறத்தில், கடைந்தெடுத்த வெண்ணெய்ப் பதத்தில் ஒரு பசை ஒட்டியிருக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் தீர்ப்பு கையோடு வந்துவிடும்: "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார், ஹெட்டை இறக்கிடலாம்."

சில சமயம் அந்தத் தீர்ப்பு சரிதான். ஆனால் மூடியில் ஒட்டிய பசையை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. அந்தப் பசை ஆயிலும் நீரும் கலந்த கலவை, அதில் ஐயமில்லை. நீர் எந்த வழியாக வந்தது என்று கேட்காமல் வைத்தியம் தொடங்குவதில்தான் பணம் வீணாகிறது. வழிகள் சில உண்டு. கேஸ்கெட் போனால் கூலன்ட் கசிந்து கலக்கலாம். வெள்ளம் உள்ளே புகுந்திருக்கலாம். காற்றின் ஈரம் இரவில் பனித்துப் படியலாம். இவை எல்லாவற்றையும்விடச் சாதாரணமான வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் நம்மில் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அந்தத் தண்ணீரை இன்ஜினே தயாரிக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல், ஒரு லிட்டர் தண்ணீர்

பெட்ரோலில் இருப்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும். எரியும்போது கார்பன், கார்பன் டை ஆக்சைடாகிறது. ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராகிறது. பெட்ரோலுக்கு மாதிரியாக ஆக்டேனை எடுத்துக்கொள்வோம். 114 கிராம் ஆக்டேன் முழுமையாக எரிந்தால் 162 கிராம் நீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். பெருக்கிப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து ஒரு லிட்டருக்குச் சற்று மேலான தண்ணீர் பிறக்கிறது. டீசலுக்கும் விடை ஏறத்தாழ இதுவே. காலையில் வண்டி கிளம்பியதும் சைலன்சர் முனையில் சொட்டும் நீர் இதுதான். மதுரையிலிருந்து சென்னைக்கு முப்பது லிட்டர் பெட்ரோல் செலவழித்து வந்து சேர்பவர், முப்பது லிட்டர் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகச் சாலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இதில் மிகப் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு மட்டும் பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் நுழைந்து கீழே, கிராங்க் அறைக்குள் இறங்குகிறது. இந்தக் கசிவுக்கு 'ப்ளோ-பை' என்று பெயர். எவ்வளவு புதிய இன்ஜினாக இருந்தாலும் இது இருக்கும். ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே சூட்டில் விரிவடைய இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் உள்ளே இழுக்கும் காற்றோடு ஒப்பிட்டால் இந்தக் கசிவு ஒரு சதவீதம், அல்லது அதற்கும் குறைவு. கசிவதிலும் பெரும்பங்கு இன்னும் எரியாத பெட்ரோல், காற்றுக் கலவை.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நெரிசலில் ஊர்ந்து, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைத்தெருவுக்குப் போய் நிறுத்துகிறோம். கால் லிட்டருக்குச் சற்று மேல், 300 மில்லிலிட்டர் என்றே வைப்போம், பெட்ரோல் செலவாகியிருக்கும். அதிலிருந்து பிறந்த நீர் சுமார் 300 கிராம். அதில் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கியது என்றால் ஒரு கிராம், அதாவது இருபது சொட்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி அதிகம், பெட்ரோலும் கூடுதலாக ஊற்றப்படுகிறது என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும்.

இப்போது காற்றின் ஈரத்துக்கு வருவோம். 'கடற்காற்று, உப்புக்காற்று, ஆயிலெல்லாம் ஈரம் பிடிக்குது' என்று கடலோர ஊர்களில் சொல்வதுண்டு. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னை இரவில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். சூடான இன்ஜின் ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளிக்காற்றை இழுக்கிறது. இழுப்பது ஒன்றோ இரண்டோ லிட்டர்தான். அதிலிருக்கும் நீர் ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு துளி நீர் மொத்தமும் ஆயிலில் விழுந்தாலும் கடைத்தெருப் பயணம் விட்டுச்சென்ற இருபது சொட்டுக்கு அது ஈடாகாது. மாதக்கணக்கில் நின்றுகிடக்கும் வண்டியில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வந்து இந்தத் துளிகள் கூடலாம் என்பது சரி. ஆனாலும் முதல் குற்றவாளி வானிலை அல்ல.

52 டிகிரிக்குக் கீழே

வாயுவோடு இறங்கிய நீராவி எங்கே நீராகப் படிகிறது என்பதை அந்த வாயுவின் பனிநிலை தீர்மானிக்கிறது. சரியான விகிதத்தில் எரிந்த பெட்ரோல் புகையில் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்கு போல் நீராவி இருக்கும். அப்படிப்பட்ட வாயு ஏறத்தாழ 52 டிகிரிக்குக் கீழான எந்தப் பரப்பைத் தொட்டாலும் வியர்க்கும். புதுக்காற்று கலந்து நீர்த்துப்போகும்போது இந்த அளவு இறங்கும். எனவே உள்பாகங்கள் ஐம்பது டிகிரியைத் தாண்டும்வரை நீர் சேரும் காலம். தாண்டி ஆயிலும் நன்றாகச் சூடான பிறகு, சேர்ந்த நீர் ஆவியாகி வெளியேறும் காலம். இன்ஜினின் ஒவ்வொரு ஓட்டமும் இந்த இரண்டு காலங்களுக்கு இடையே ஒரு வரவு செலவுதான். ஆயிலிலிருந்து நீரை விரட்ட 100 டிகிரி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கொதிக்க வேண்டியதில்லை. காற்றோட்டம் இருந்தால் எண்பது டிகிரியிலேயே வேகமாக ஆவியாகும்.

நம்மூர்க் கார்களில் இந்தத் தொல்லை குறைவாகத் தெரிவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சென்னையில் இன்ஜின் 30 டிகிரியிலிருந்து தொடங்குகிறது. ஐம்பதைத் தொட இருபது டிகிரி ஏறினால் போதும். நார்வேயில் சனவரி காலையில் மைனஸ் 15லிருந்து 65 டிகிரி ஏற வேண்டும். அதற்குள் அலுவலகமே வந்துவிடும். ஊட்டியின் சனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்குவதால் அங்கேயும் பாதி நார்வே நிலைதான்.

ஏமாற்றுவது டாஷ்போர்டில் உள்ள ஊசி. அது காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. கூலன்ட் சில நிமிடங்களில் சூடாகி ஊசி நடுவில் வந்து நிற்கும்; இன்ஜினின் அடியிலுள்ள சம்ப் தொட்டியில் கிடக்கும் ஆயில் அதே அளவுக்கு வர அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். மூடி இருக்கும் இடமோ இன்னும் மோசம். இன்ஜினின் உச்சியில், ஆயில் பாயாத ஓரத்தில், வெளிக்காற்று படும்படி இருக்கிறது. கீழே ஆயில் சுத்தமாக இருக்கும்போதே மூடியில் மட்டும் பசை படிவதன் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் நம் வீடுகளின் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மகன் வெளிநாட்டில் இருப்பார், கார் போர்டிகோவில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வந்து ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டுப் போவார். 2020 ஊரடங்கில் நாடு முழுவதும் இதைத்தான் செய்தது. செய்யச் சொல்லி அறிவுரைகளும் ஏராளம் வந்தன. ஆயிலின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிடக் கெட்ட காரியம் அரிது. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் குறைந்த சுமையில் ஓடுகிறது. சூடு மெதுவாகத்தான் ஏறும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். நீர் பிறக்கும், படியும், ஆவியாகும் கட்டம் வருவதற்குள் சாவி திருப்பப்பட்டுவிடும். வாரம் ஒருமுறை வரவு மட்டும் எழுதி, செலவே எழுதாத கணக்கு அது. பேட்டரிக்கும் அதனால் பெரிய லாபம் இல்லை. எடுத்தால் அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வர வேண்டும். ஓட்ட ஆளில்லை என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை அது பாட்டுக்கு நிற்கவிடுவதே மேல்.

இன்னொரு வழக்கம் பட்டறைகளுடையது. வண்டி ஓவர்ஹீட் ஆகிறது என்று போனால், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு சிறு வால்வு. கூலன்ட் 82 முதல் 88 டிகிரி அளவுக்குச் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அது அடைத்து வைக்கும். அதை எடுத்துவிட்டால் ஸ்டார்ட் செய்த கணமே ரேடியேட்டர் வேலை செய்யத் தொடங்கும். புறவழிச்சாலையில் காற்று அடிக்க ஓடும்போது இன்ஜின் உரிய சூட்டுக்கே வராது. ஆயிலும் வராது. வண்டியின் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மைலேஜ் விழும், பெட்ரோலும் நீரும் ஆயிலில் சேரும். வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டாலும் இதே கதை. ஸ்கேனரைச் சொருகினால் 'பி-0128' என்ற பிழை எண் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. மூடியில் பசை சேர்ந்த வண்டியில் ஹெட்டை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் சில நூறு ரூபாய்ப் பொருளான இந்த வால்வு முதலிடத்தில் இருக்க வேண்டும்.

மூச்சு விடும் குழாய்

ஆவியான நீர் வெளியேற வழி வேண்டும். ஆரம்பகாலக் கார்களில் கிராங்க் அறையிலிருந்து ஒரு குழாய் கீழே சாலையை நோக்கித் தொங்கும். வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அந்தக் குழாயின் வாயில் உறிஞ்சலை உண்டாக்கி, உள்ளே இருக்கும் வாயுவை இழுத்துவிடும். நின்றுவிட்டால் உறிஞ்சல் இல்லை. மெதுவாக நகரும் நகரத்து வண்டிகளில் இது போதவில்லை. ஆயில் சேறாவது அந்நாளில் சர்வசாதாரணம். இரண்டாம் உலகப் போரில் ஆற்றைக் கடக்கும் ராணுவ வண்டிகளுக்கு வேறு தொல்லை. தொங்கும் குழாய் வழியே தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அதனால் வாயுவை வெளியே விடாமல் இன்ஜின் காற்றிழுக்கும் குழாய்க்கே திருப்பிவிடும் மூடிய அமைப்பு அந்த வண்டிகளில் இடம்பெற்றது.

அது சாதாரணக் கார்களுக்கு வந்ததற்குக் காரணம் ஆயில் அல்ல, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டம். 1950களில் அரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர், வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்தே அந்த மூட்டம் உண்டாகிறது என்று காட்டினார். சைலன்சரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கிராங்க் அறைக் குழாயிலிருந்து வரும் எரியாத பெட்ரோலும் பெரிய பங்கு என்பதைக் கண்டார்கள். 1961 மாடல் முதல் கலிஃபோர்னியாவில் விற்ற புதிய கார்களிலும், 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுவதிலும் பிசிவி வால்வு எனும் மூடிய காற்றோட்ட அமைப்பு வந்தது. காற்றைச் சுத்தப்படுத்த வந்த இந்த வால்வு, இன்ஜின் ஆயிலுக்கு உற்ற நண்பனாக அமைந்தது. ஐட்லிங்கில்கூட உள்ளே புதுக்காற்று நுழைந்து, நீராவியை அள்ளிக்கொண்டு எரியும் அறைக்குப் போய்விடுகிறது.

ஏர் ஃபில்டர் பக்கமிருந்து ஒரு குழாய் புதுக்காற்றைக் கொண்டுவருகிறது; மறுபக்கம் வால்வு வழியே வாயு வெளியேறுகிறது. இரண்டில் எது அடைத்தாலும் ஈரம் தேங்கும், உள்ளழுத்தம் ஏறும், ஆயில் சீல்களில் கசிவு தொடங்கும். தனியாகக் கழற்றக்கூடிய பழைய வகை வால்வாக இருந்தால் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தாலே தெரியும்; உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். இப்போதைய பல இன்ஜின்களில் இது ரப்பர்ச் சவ்வாக, மேல்மூடிக்குள்ளேயே பொதிந்து வருகிறது. சவ்வு கிழிந்தால் மேல்மூடியையே மாற்றச் சொல்வார்கள். இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குளிர்நாடுகளில் இந்தக் காற்றோட்டக் குழாயே எமனாவதும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகனின் 1.0, 1.4 லிட்டர் சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் கடும் குளிரில் தொடர்ந்து பழுதாயின. குறுகிய பயணங்களில் சேர்ந்த நீர் காற்றோட்டக் குழாயிலும் ஆயில் பிரிப்பானிலும் உறைந்து அடைத்துக்கொள்ளும். கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய் வழியே ஆயிலை வெளியே தள்ளிவிடும். ஆயில் இல்லாமல் இன்ஜின் இறுகிவிடும். ஜெர்மானியர் அவற்றை 'உறைபனி இன்ஜின்' என்றே அழைத்தார்கள். காற்றோட்டப் பாதையில் சூடேற்றும் கம்பி வைத்துத்தான் அதைச் சமாளித்தார்கள்.

ஆயில் ஏன் நீரைப் பிடித்துக்கொள்கிறது

மின்நிலைய டர்பைனில் ஊற்றும் ஆயிலுக்கு ஒரு முக்கியமான தேர்வு உண்டு. நீரோடு கலக்கினால் சீக்கிரம் பிரிந்து நிற்க வேண்டும். பிரியும் நீரை அடியில் இருந்து வடித்துவிடுவார்கள். கார் இன்ஜின் ஆயிலிடம் கேட்பது நேர்மாறு. நீரைப் பிரியவிடாமல் நுண்துளிகளாகத் தன்னுள் பிடித்து வைத்திருக்க வேண்டும். காரில் யாரும் தினமும் வடிகால் திறக்கப்போவதில்லை. பிரிந்த நீர் சம்ப்பின் அடியில் தேங்கினால் ஆயில் பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்; உருக்குப் பாகங்களின்மேல் நீராகவே நின்றால் துரு. ஆயிலுக்குள் பொதிந்து சுற்றினால் அடுத்த நீண்ட பயணத்தில் ஆவியாகிவிடும். 2010இல் வந்த ஜிஎஃப்-5 எனும் இன்ஜின் ஆயில் தர அளவுகோலில் இதற்கென்றே ஒரு சோதனை சேர்ந்தது: எத்தனால் மிகுந்த எரிபொருளையும் நீரையும் ஆயிலோடு கலந்து வைத்தால் நீர் பிரியக் கூடாது. துருத்தடுப்பைச் சோதிக்கும் எஃகுக்குண்டுச் சோதனையும் அந்த அளவுகோலில் உண்டு.

ஆக, மூடியில் ஒட்டிய பசை ஒருவகையில் ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்பதற்குச் சான்று. அளவு மீறும்போதுதான் கேடு. ஆயிலில் நீர் மூன்று நிலைகளில் இருக்கலாம்: கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, நுண்துளிகளாகக் கலங்கி, தனி நீராகப் பிரிந்து. இன்ஜின் ஆயிலில் 0.2 சதவீத நீர் என்பதைப் பல பரிசோதனைக்கூடங்கள் எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கின்றன. நான்கு லிட்டர் ஆயிலுக்கு அது எட்டு மில்லிலிட்டர்தான். கடைத்தெருப் பயணங்கள் தொடர்ந்தால் எட்டுவதற்கு அப்படியொன்றும் தூரமில்லை.

நீர் தனியாகச் செய்யும் கேட்டைவிடக் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்வது பெரிது. கசியும் வாயுவில் நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கின்றன. நீரோடு சேர்ந்தால் அமிலம். எரிபொருளின் கந்தகமும் அப்படியே. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது நம் பெட்ரோல், டீசலின் கந்தக அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்ததால் இந்தப் பக்கத்துத் தொல்லை பெரிதும் தணிந்தது. மிஞ்சும் அமிலத்தை முறிக்க ஆயிலில் காரச் சேர்மங்கள் உண்டு. அவை செலவாகிக்கொண்டே வரும். தேய்மானத்தைத் தடுக்கச் சேர்த்த துத்தநாகச் சேர்மத்தையும் நீர் மெல்லச் சிதைக்கிறது. எரியாத பெட்ரோலின் ஆக்சிஜனேற்றப் பொருட்களும் கரியும் நீரும் கூடினால் குளிர்நிலைச் சேறு. ஆயில் சல்லடையை அடைப்பது அதுதான்.

சேறு பெரிய நிறுவனங்களையும் விடவில்லை. 1980களில் ஐரோப்பாவில் கருஞ்சேறு ஒரு தொற்றுபோலப் பரவியதால் ஆயில் சோதனைகளே மாற்றி எழுதப்பட்டன. 1997க்கும் 2002க்கும் இடையில் வந்த டொயோட்டாவின் சில நான்கு, ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் ஆயில் கூழாகிறது என்ற புகார் அமெரிக்காவில் பெருகி, 2002இல் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு நிறுவனம் சிறப்புப் பாதுகாப்பு அறிவித்தது. ஆயில் மாற்றாத உரிமையாளர்கள்மேல் நிறுவனமும், வடிவமைப்பின்மேல் உரிமையாளர்களும் பழி போட்டார்கள். சாப் 9-5 கார்களில் குற்றவாளி தெளிவாகவே தெரிந்தது. கிராங்க் அறைக் காற்றோட்டம் போதவில்லை. அந்த அமைப்பைச் சாப் பல தடவை மாற்றி அமைத்தது. சேறு என்பது சூடு, நீர், பெட்ரோல், காலம் எல்லாம் சேர்ந்து செய்வது. அதை நீரின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. ஆனால் காற்றோட்டம் கெட்டால் எல்லாமே கெடும் என்பதற்குச் சாப் நல்ல உதாரணம்.

ஹெட்டை இறக்குமுன்

மூடியில் பசை, டிப்ஸ்டிக்கில் சுத்தமான ஆயில், கூலன்ட் அளவு மாறவில்லை, ஓவர்ஹீட் இல்லை. இப்படி இருந்தால் துணியால் மூடியைத் துடைத்துவிட்டு, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் அதோடு சரி. டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால், ஆயில் அளவு ஏறியிருந்தால், கூலன்ட் டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே இருந்தால், சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வந்தால், வண்டியை ஓட்டாதீர்கள். டப்பாவுக்குள் ஆயில் மிதந்தாலும் அப்படியே. அது கேஸ்கெட்டாக இருக்கலாம், ஆயில் கூலராகவும் இருக்கலாம். கூலரில் ஓட்டை என்றால் இன்ஜின் ஓடும்போது அழுத்தம் கூடிய ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். நிறுத்தியதும் அழுத்தம் மிஞ்சிய கூலன்ட் ஆயிலுக்குள் வரும். கேஸ்கெட்டைச் சந்தேகித்து ஹெட்டை இறக்கி, கடைசியில் கூலரில் ஓட்டையைக் கண்டுபிடித்த கதைகள் பட்டறைகளில் நிறைய உண்டு.

உறுதிசெய்ய மலிவான வழிகள் இருக்கின்றன. ரேடியேட்டர் வாயில் பொருத்தும் நீலத் திரவக் குழாய் ஒன்று உண்டு. கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாகும். கூலன்ட் பாதைக்குக் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து, முள் இறங்குகிறதா என்றும் பார்க்கலாம். ஆயிலையே சோதிக்க, 150 டிகிரி அளவில் சூடான இரும்புத் தகட்டில் இரண்டு சொட்டு விட்டால் போதும். நீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். துல்லியம் வேண்டுமென்றால் ஆய்வகம்: கார்ல் ஃபிஷர் 1935இல் வெளியிட்ட முறை இன்றும் நீரின் அளவைச் சொல்கிறது. நீர் கூலன்ட்டிலிருந்து வந்ததா என்பதை ஆயிலில் சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருப்பது காட்டிக்கொடுக்கும். எரிதலில் பிறந்த நீரில் அந்த உப்புகள் இருக்காது. லாரி, ஜெனரேட்டர், கப்பல் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்கிறார்கள். கார்க்காரர்கள் ஹெட்டை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

பசையைக் கண்டதும் 'ஃப்ளஷ் பண்ணணும்' என்று சம்ப்பில் டீசல் ஊற்றி ஓடவிடும் வைத்தியம் ஒன்று உண்டு. அது வேண்டாம். பேரிங்குகளுக்கு வேண்டிய படலத்தை டீசல் தராது. வடிக்கும்போது முழுதும் வடியவும் வடியாது. ஆயிலில் உள்ள நீரை ஒழிப்பதாகச் சொல்லும் டப்பாக்களும் வீண் செலவு. ஆயிலை மாற்றுவதே போதும். பல நிறுவனங்களின் கையேடுகளில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பத்தி இருக்கும். பாலைவனமும் மலையும் என்று நினைத்து நாம் அதைத் தாண்டிப்போகிறோம். அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றிருக்கும் இடைவெளி அங்கே பாதியாகிவிடும். வருடத்தில் மூவாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் பள்ளிக்கூட, கோயில், கடைத்தெருக் கார் நெடுஞ்சாலை டாக்ஸியைவிட ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும் என்று சொன்னால் எளிதில் யாரும் நம்புவதில்லை.

வெள்ளம் தனிக் கதை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்களை ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களுக்கே பெரிய நஷ்டம். சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலுக்குள் புகுந்தது சேற்று நீர்; ஓட்டிக் காயவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. சாவியைத் தொடாமல் இழுத்துப்போய், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே மற்றதெல்லாம்.

புதிய எரிபொருள்கள்

ஹைபிரிட் கார்களில் இன்ஜின் அணைந்து அணைந்து எரிகிறது; மின்மோட்டார் இழுக்கும்போது ஆயில் ஆறத் தொடங்கிவிடும். மூன்றாம் தலைமுறை பிரியஸ் காரில் டொயோட்டா, புகைக்குழாயின் சூட்டைக் கூலன்ட்டுக்குத் திருப்பி இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கும் அமைப்பை வைத்தது. சார்ஜ் போட்டு ஓட்டும் செவ்ரோலே வோல்ட் காரில், ஆறு வாரம் போல் இன்ஜின் ஓடாமலே இருந்தால் அது தானாகவே கொஞ்ச நேரம் ஓடிக்கொள்ளும்.

எரிபொருளும் மாறிவருகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது நம் பங்க்குகளில் பொதுவாகிவிட்டது. எத்தனால் நீரை உறிஞ்சும் என்பதால் ஆயிலெல்லாம் நீராகிவிடும் என்ற பயம் பரவுகிறது. கணக்கு அவ்வளவு பயமுறுத்தவில்லை. ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் பிறக்கும் நீர் பெட்ரோலைவிடச் சற்றுக் குறைவே. ஆற்றல் குறைவு என்பதால் அதே தூரத்துக்கு அதிக எரிபொருள் செலவாகிறது. அதைச் சேர்த்தால் 20 சதவீதக் கலவையில் கிலோமீட்டருக்குப் பிறக்கும் நீர் ஐந்து சதவீதம் போல் கூடும். ஊர்ந்து போகும் வண்டியின் ஆயிலைப் பொறுத்தவரை, பயணத்தின் நீளம் செய்யும் வேறுபாட்டுக்கு முன்னால் இது சிறிது. சிஎன்ஜி வண்டிகள்தான் கவனிக்கத்தக்கவை. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டே கால் கிலோ நீர் வரும். அதே ஆற்றலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம்.

ஹைட்ரஜனில் இது உச்சத்துக்குப் போகிறது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் ரிலையன்ஸும் அசோக் லேலண்டும் ஹைட்ரஜனை நேரடியாக எரிக்கும் இன்ஜின் கொண்ட கனரக லாரியைக் காட்சிக்கு வைத்தன. ஒரு கிலோ ஹைட்ரஜன் எரிந்தால் ஒன்பது கிலோ நீர். ஆற்றலுக்கு ஆற்றல் ஒப்பிட்டால் பெட்ரோலின் இரண்டு மடங்குக்கும் மேல். காற்றைத் தாராளமாகக் கலந்து எரிப்பதால் புகையில் நீராவியின் அடர்த்தி கொஞ்சம் தணியும் என்றாலும், ரிங் இடுக்கு வழியே எரியாத ஹைட்ரஜனும் கூடவே இறங்கும். கிராங்க் அறையில் அது தேங்கினால் ஒரு பொறி போதும். அதனால் இந்த இன்ஜின்களில் கிராங்க் அறைக்குள் புதுக்காற்றை விடாமல் செலுத்தி, ஹைட்ரஜனையும் நீராவியையும் சேர்த்தே வெளியேற்ற வேண்டியிருக்கிறது.